ஒன்றரை மணி நேரம்

தொப்பி இருந்தால் போடுங்கோ.
தண்ணீர்ப் போத்தல் என்னிடம் இரண்டு இருக்கு.
முத்திரைச் சந்தியில் தொடங்கி
வளைவில் முடியும் நடை,
ஒன்றரை மணி நேரம்.

இன்று ஏழு பேர்.
குருணாகலிலிருந்து நில அளவையாளர் அபேகோனும் மனைவியும்,
ஸ்காபரோவிலிருந்து நாலு பேர்க் குடும்பம் ஒன்று,
பெயர் சொல்லாமல் குடைக்குள் நிற்கிற ஒரு ரீச்சர்.

முதலில் குதிரை மேல் அரசர்.
அவருடைய வாளில் வழக்கமாக ஒரு காகம் இருக்கும்.
இன்று லீவு.

பூங்காவில் ஊஞ்சலுக்கு வரிசை.
சறுக்குப் பலகையில் ஒரு குழந்தை
இறங்க மாட்டேன் என்று அடம்.
அரண்மனை எங்கே, என்று அபேகோன் கேட்கிறார்,
சிங்களத்தில் தொடங்கித் தமிழில் திருத்தி.
இதுதான், என்று கையைச் சுற்றிக் காட்டுகிறேன்.
ரியூஷன் சென்ரர், ரயர்க் கடை,
மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும் முருங்கை,
ஆரோ பெட்சீற் காயப்போட்ட கயிறு.
அந்தப்புரம் இருந்த இடத்தில் இப்போது
அந்தப் பள்ளிக்கூட வான் நிற்கிறது என்றால்
எல்லாரும் சிரிப்பார்கள்.
சொன்னேன். சிரித்தார்கள்.
ஆதாரம் இல்லை,
சம்பளம் உண்டு.

யமுனா ஏரி.
பானாவை எழுதிப் பாதியில் தண்ணீர் விட்டது போல ஒரு கேணி.
யமுனை நதியிலிருந்து சுமந்து வந்து ஊற்றினார்களாம்.
பாசிக்கு நடுவே ஒற்றைச் செருப்பு,
இடது கால், பாட்டா.
ஸ்காபரோப் பெடியன் நிருபன் குனிந்து பார்க்கிறான்.
'இப்பவும் அதே தண்ணியா?'
'பிறகு மழையும் பெய்தது' என்கிறேன்.

மந்திரி மனையில் வௌவால் மணம்.
மந்திரி இங்கே இருந்தாரா என்பதில் இரண்டு கருத்து.
மூன்றாவது என்னுடையது, அதற்குத் தனிக் கட்டணம்.
தூண் ஒன்றில் ஆணியால் கீறியிருக்கிறது
ரஜீவன் கூட்டல் து.
முடிக்க முதல் ஆரோ வந்திருக்க வேண்டும்.
அபேகோனின் மனைவி அந்தத் 'து'வை
விரலால் தடவிப் பார்க்கிறா.

வழி முழுக்க அபேகோனின் உதடு அசைந்தபடி.
மந்திரமோ என்று நினைத்தேன்.
அடி எண்ணுகிறார்.
முப்பது வருடத் தொழில், கால் தானாக எண்ணும், என்கிறார்.
இதுவரை இரண்டாயிரத்து நாநூற்றுப் பத்து.

செம்மணி வீதி.
வளைவு, தனியாக,
உள்ளே கூட்டிப்போக வீடு எதுவும் இல்லாமல்.
நான் செதுக்கல்களைப் பற்றித் தொடங்குகிறேன்,
எந்தக் காலத்தது, ஆர் கட்டியது,
ஆர் இல்லை என்கிறார்கள்.
அபேகோன் வீதி போகிற திசையைப் பார்க்கிறார்.
'இதால நடந்தால் நாவற்குழிப் பாலம் எவ்வளவு நேரம்?'
'ஆறேழு கிலோமீற்றர். ஒன்றரை மணி நேரம்.'

ரீச்சர் குடையை மடித்தா.
காலையிலிருந்து முதல் தடவை.
'எனக்கு ஒரு இரவும்
அடுத்த நாள் மத்தியானமும் பிடிச்சது' என்றா,
வளைவைப் பார்த்து.

'ஏன்? ட்ராபிக்கா?' என்றான் நிருபன்.

'ஓம் ராசா.
சரியான ட்ராபிக்.
மழையும்.'

அவனுடைய அம்மா அவன் தோளில் கை வைத்தா,
பிறகு எடுத்தா.
அந்த இரவு என்னுடைய அம்மாவும் இந்த வீதியில்தான்,
எட்டு மாதம்.
அதாவது நானும் நடந்திருக்கிறேன்,
ஒன்றும் பார்க்காமல்.
அது என் குறிப்புகளில் இல்லை.
செதுக்கல்கள் இருக்கின்றன.
ஒல்லாந்தர் என்று எழுதி கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.
வாசிக்கவில்லை.

ஒரு லொறி போனது, சீமெந்து.
அதன் தூசி அடங்கும் வரை
எல்லாரும் அதையே பார்த்தோம்.

நேரம் முடிந்தது என்று சொல்ல வேண்டியது நான்.
ரீச்சர் வளைவுக்குள்ளால் போய்
அந்தப் பக்கம் நின்று
செருப்பில் ஏறிய கல்லைத் தட்டி
இந்தப் பக்கம் வந்தா.
குடும்பம் ஓட்டோவுக்குக் கை காட்டியது.

அபேகோன் கிட்ட வந்தார்.
'எண்ணிக்கை விட்டுப்போச்சு' என்றார்
மெதுவாக,
என்னிடம் எதையோ உடைத்துவிட்டவர் போல.